கொல்லையில் தொங்கிய டிஸ்க்குகள்

என் மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்து பத்து நாள் ஆகியும் என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. "சாப்டேன்", "வேணாம்", "தூங்கறேன்", "ஒண்ணுமில்ல". அவ்வளவுதான். மூன்றாம் மாதம் கரு கலைந்துவிட்டது. அதைக்கூட என் மனைவிதான் சொன்னாள், அடுப்புப் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி. நான் தலையை ஆட்டினேன். முதுகுக்கு எப்படித் தெரியும்? "இன்னாய்யா, காதுல வுழுந்துச்சா?" என்று கேட்டாள். "வுழுந்துச்சி" என்றேன். அதற்குமேல் எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

நான் பேசத் தெரியாதவன். பத்தாவது வரை படித்தேன். பதில் தெரிந்தாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டுமே என்று தெரியாதவன் மாதிரியே உட்கார்ந்திருப்பேன். இப்போது குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். எங்கள் மலைக் கிராமத்திலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு போய்க் கீழே ஆலங்காயத்தில் இறக்குவேன். அங்கிருந்து சிமெண்ட், மளிகை, எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு மேலே வருவேன். வளைவில் ஹாரன் அடித்தால் போதும், வேறு பேச்சு தேவைப்படாத வேலை.

மகளிடம் மட்டும் ஒரு காலத்தில் நன்றாகப் பேசியிருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு கேம் பெட்டி.

அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் திருப்பத்தூரில் ஒரு கேம் கடையில் வேலை செய்தேன். ஆறு டிவி, ஆறு பெட்டி. பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். டிஸ்க் மாற்றிப் போடுவதும், நேரம் முடிந்தவனை எழுப்புவதும் என் வேலை. எழுப்புவதுதான் கஷ்டம். "தம்பி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நிற்பேன். பிறகு போன் வந்தது, பையன்கள் வருவது நின்றது, கடையை மூடினார்கள். முதலாளி ஒரு பெட்டியும் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் ஒரு மஞ்சள் பை நிறைய டிஸ்க்கும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் இருந்த கவர்மெண்டு டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைச் சொருகி நானும் மகளும் கார் ரேஸ் ஆடுவோம். திரை இரண்டாகப் பிரியும். மேல் பாதி எனக்கு, கீழ்ப் பாதி அவளுக்கு. ஆடிக்கொண்டே அவள் பேசுவாள். எந்த டீச்சர் அடித்தார், யாரோடு காய் விட்டாள், எல்லாம். முகத்தைப் பார்க்க வேண்டாமே, இரண்டு பேருக்கும் கண் ரோட்டில்தானே, அதனால் எனக்கும் வாய் வரும். இந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, கட்டிக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டதும் ஒரு ரேஸில்தான், மூன்றாவது சுற்றில். என் கார் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. "நைனா, முட்டிக்கினு நிக்கற" என்று சிரித்தாள். நல்ல பையன். கட்டிக் கொடுத்தோம்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற பிள்ளையிடம் போய் என்னால் எதுவும் கேட்க முடியாது. ஆனால் ஜாய்ஸ்டிக்கைக் கையில் கொடுக்க முடியும். ஒரு ரேஸ் ஆடினால் போதும், அவள் பேசிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அன்றைக்கே டிரங்குப் பெட்டியைத் திறந்தேன்.

கேம் பெட்டி இருந்தது. டிஸ்க் பையைக் காணோம்.

"அந்தத் தட்டா?" என்றாள் மனைவி. "கொல்லையில கட்டிட்டேன். கிளிக்கு."

"இன்னாது?"

"பளபளன்னு சுத்துதுல்ல, கிளி கிட்டயே வர்றதில்ல. படம் பாக்கற தட்டுன்னு நெனச்சேன். இப்போ யாரு தட்டு போட்டு படம் பாக்கறாங்க? நீ வெச்சிக்கினு இன்னா, பூச பண்ணப் போறியா?"

கொல்லைக்கு ஓடினேன். சாமை முற்றிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் குச்சி நட்டு, கயிறு கட்டி, என் டிஸ்க்குகள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி, ஆட்டத்தின் பெயரை எழுதியிருந்த என் கையெழுத்தைத் தேடினேன். ரேஸ் டிஸ்க் வேலியோரம் இருந்தது. இரண்டு வருஷ வெயில். மேல்பூச்சு உரிந்து, அந்தப் பக்கம் ஆகாயம் தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதும் உண்மைதான், அந்தக் கொல்லையில் ஒரு கிளிகூட இல்லை.

பெட்டிக்குள்ளேயே ஒரு டிஸ்க் மாட்டியிருந்தது. மீன்பிடிக்கிற ஆட்டம். கம்பெனியிலேயே அச்சடித்த டிஸ்க், ஏதோ வெளிநாட்டு எழுத்து. தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். கடையில் ஒரு பையனும் அதைத் தொட்டதில்லை. ஒயரைச் சொருகி சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் சத்தத்தோடு ஆட்டம் வந்தது. மகள் திரும்பிப் பார்த்தாள். மீன் என்று தெரிந்ததும் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆக, பெட்டி நன்றாக இருக்கிறது, டிஸ்க்தான் வேண்டும் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் என்னை இரண்டு வாரம் சுற்ற வைத்தது.

கேம் கடையில் என்னோடு வேலை செய்தவர் ஒருவர் திருப்பத்தூரில் இருக்கிறார். பழைய ஆட்டங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தார். ரேஸ் ஆட்டத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதை டிஸ்க்கில் எழுதித் தருவதற்குத்தான் ஆள் இல்லை. விசாரித்து விசாரித்துக் கடைசியில் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையைக் கண்டுபிடித்தேன். அந்தக் கடைக்காரம்மா கல்யாண வீடியோ எழுதிக் கொடுக்கிற பழைய கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சுவரில் மாதா படம். வாய் ஓயாது.

முதல் நாள் அவர் உறையைப் பிரித்து எடுத்தது டிவிடி. எங்கள் பெட்டி டிவிடியைப் படிக்காது, சிடிதான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்று, வாங்கிக்கொண்டு மலையேறி, போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுநாள் திரும்பி வந்தேன். "சிடி இருந்தா" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அத நேத்தே சொல்றதுக்கு இன்னாண்ணா?" என்றார்.

சிடியில் எழுதியதும் ஓடவில்லை. பெட்டி அதைப் பாட்டு டிஸ்க் என்று நினைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிற திரையைக் காட்டியது. திருப்பத்தூருக்குப் போன் போட்டேன். பென் டிரைவில் இரண்டு ஃபைல் இருக்கும், பெரியது ஒன்று, சின்னது ஒன்று, பெரியதை மட்டும் அப்படியே தூக்கி டிஸ்க்கில் வைத்தால் ஆகாது, சின்னதைத் திறந்து அது சொல்கிறபடி எழுத வேண்டும் என்றார். கடைக்காரம்மாவிடம் இதை விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஓ, சின்னதுதான் சமையல் குறிப்பு, பெரிசு அரிசி மூட்டை" என்றார்.

அப்படி எழுதிய டிஸ்க்கைப் போட்டதும் பெட்டியின் கம்பெனிப் படம் வரை வந்தது. அப்புறம் இருட்டு. உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம், பல்லி மாதிரி.

அடுத்த நாள் கடையில் நுழையும்போதே கேட்டார். "இன்னாண்ணா, ஓடுச்சா?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க. ஓடலன்னா நான் உங்களக் கடிச்சிடவா போறேன்?"

"வேகமா எழுதிட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு காது சுட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் தேடி, இருப்பதிலேயே மெதுவான வேகத்தைப் பிடித்தார். எழுதி முடிய வெகுநேரம் ஆனது. என் வண்டியில் சிமெண்ட் மூட்டை, வானத்தில் மேகம். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன். டிஸ்க் வெளியே வந்ததும் கடைக்காரம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "ஏசப்பா, இதாச்சும் ஓடட்டும்" என்று கண்ணை மூடினார். நான் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

அந்த டிஸ்க் கொஞ்சம் ஓடத்தான் செய்தது. கேம் கடையில் கற்றுக்கொண்ட பழைய வித்தை ஒன்று உண்டு. பெட்டி முரண்டு பிடித்தால் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். கவிழ்த்தேன். ரேஸ் ஆட்டத்தின் முதல் பாட்டு வந்தது. அந்தப் பாட்டு எங்கள் வீட்டில் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. படுக்கையில் மகளின் தலை லேசாக நிமிர்ந்தது. கார் வரவேண்டிய இடத்தில் திரை அப்படியே நின்றுவிட்டது. பாட்டு ஒரே எழுத்தில் இழுத்தது. சுவிட்சை அணைத்தேன். அவள் தலையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஓடாத டிஸ்க்குகளை மனைவி சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் கட்டினாள். "புதுசு நல்லா மின்னுது" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள்.

வேறு கம்பெனி சிடி வாங்கி இன்னொன்று எழுதினோம். அதுவும் இருட்டு. அதோடு விட்டிருப்பேன். ஆனால் மறுநாள் மூட்டை இறக்கிவிட்டு வரும்போது கால் தானாக அந்தக் கடைக்குப் போய்விட்டது.

கடையில் வேறு ஆள் இல்லை. கடைக்காரம்மா டீ சொல்லிவிட்டுக் கேட்டார். "யாருக்குண்ணா இவ்ளோ பாடு? பேரப்புள்ளைக்கா?"

சாதாரணமாகக் கேட்டதுதான். டீயைப் பார்த்துக்கொண்டே, "மகளுக்கு" என்றேன். பிறகு எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் என்பதை, சுவர்ப் பக்கம் படுத்திருப்பதை, மருமகன் போன் அடித்தால் அவள் எடுக்காமல் வைத்திருப்பதை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை என்பதை. ஒரு வெளி ஆளிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "எனக்கு ரெண்டு அப்படிப் போச்சுண்ணா. எங்க வூட்ல ஒருத்தரும் அதப் பத்திக் கேக்கல. மனசு நோவும்னு நல்லதுக்குத்தான் கேக்கல. ஆனா கேட்டிருக்கலாம்" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும் மறுபடி பழைய குரல் வந்துவிட்டது. "ஆமா, அந்த மீன் டிஸ்க்கு மட்டும் இன்னிக்கும் ஓடுதா?"

"ஓடுது."

"அப்போ பெட்டியோட கண்ணப் பாத்தீங்களா? கம்பெனி டிஸ்க்கு கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு இருக்கும். நாம எழுதறது அதவிட மங்கல்தான். எனக்கு இந்தக் கண்ணாடி இல்லன்னா பஸ்ஸு போர்டு தெரியும், ஜெராக்ஸ் பேப்பர் தெரியாது. உங்க பெட்டிக்கும் அப்படித்தான் ஆயிருக்கும். அஞ்சு நாளா டிஸ்க்க திட்டறோம். பாவம், டிஸ்க்கு இன்னா பண்ணும்?"

பெட்டிக்குள், டிஸ்க் உட்காரும் இடத்துக்கு அடியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ் இருக்கும். அதைத்தான் கண் என்பது. கேம் கடையில் வாரம் ஒரு தரம் துடைத்தவன் நான். என் கையெழுத்து, என் டிஸ்க், என் வித்தை என்று அலைந்ததில் அதை மறந்துபோனேன்.

வீட்டுக்கு வந்தபோது மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து மூடியைத் திறந்தேன். கிட்டே வைத்துப் பார்த்தேன், புகை மாதிரி இருந்தது. கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தேன், கண் எது கறை எது என்று தெரியவில்லை. நாற்பத்தெட்டு வயதில் என் கண்ணும் ஜெராக்ஸ் பேப்பர் தெரியாத கண்தான். பஞ்சை வைத்துக் குத்துமதிப்பாகத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். கை ஆடினால் கீறிவிடும்.

உள்ளே பார்த்தேன். பதினைந்து நாளாக அவளுக்காக எல்லாவற்றையும் நானே செய்துகொண்டிருந்தேன். அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"பாப்பா" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியல. கொஞ்சம் வந்து பாக்கறியா?"

இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் பாய் நகரும் சத்தம் கேட்டது. அவள் வந்து என் பக்கத்தில் குந்தினாள். தலை வாராமல் சிக்காகக் கிடந்தது. போனில் லைட்டைப் போட்டு உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நைனா" என்றாள். "இது நான் வெச்ச பொட்டு."

எனக்குப் புரியவில்லை.

ஆயுத பூஜைக்கு என் வண்டியோடு கேம் பெட்டியையும் கழுவித் துடைத்து வைப்போம். தண்ணீர் படாமல் துணியால்தான். சந்தனம், குங்குமம் வைப்பது அவள் வேலை. ஒவ்வொரு வருஷமும் மூடிமேல் வைப்பாள். கல்யாணத்துக்கு முந்தின ஆயுத பூஜையில் மூடியைத் திறந்து உள்ளே, கண்ணுக்கு மேலே வைத்திருக்கிறாள்.

"மூடி இன்னா வேல செய்து? வேல செய்றது கண்ணுதானேன்னு வெச்சேன். நான் போய்ட்டா நீ தனியா ஆடுவேன்னு நெனச்சேன். கண்ணு நல்லா இருக்கட்டும்னு…"

நான் தனியாக ஒரு நாளும் ஆடவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. மூடிய பெட்டியில் சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் பொடியாகி, கண் முழுவதும் படிந்துவிட்டது. மீன் டிஸ்க்கை மட்டும் அந்தக் கண்ணால் பார்க்க முடிந்திருக்கிறது.

"என்னாலதான் கெட்டுப்போச்சு" என்றாள். சிரிக்கிற மாதிரிதான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. "எது வெச்சாலும் என்னாலதான் கெட்டுப்போவுது நைனா."

"உன்னால இல்ல பாப்பா" என்றேன். நான் பெட்டியைச் சொல்லவில்லை. அவளும் பெட்டியைச் சொல்லவில்லை.

காது குடைகிற பஞ்சுக் குச்சியை எடுத்து வந்தாள். அவள் அம்மா கொசுவர்த்திக்குப் பக்கத்திலிருந்து ஊசி போடும்போது தடவுகிற ஸ்பிரிட் பாட்டிலைத் தேடிக் கொடுத்தாள். என் மகளுக்குக் கை ஆடவில்லை. ஒரு குச்சி சிவந்தது, அடுத்தது இளஞ்சிவப்பானது, மூன்றாவது வெள்ளையாகவே வந்தது. காய வைத்தோம். காயும்வரை ஊதாதே என்று நான் சொல்ல, "தெரியும் நைனா" என்றாள். கடைசியாக எழுதிய டிஸ்க்கைத் தேடினால், அதற்குள் மனைவி அதையும் கட்டிவிட்டிருந்தாள். மழை ஈரத்தில் கொல்லைக்குப் போய் மனைவியே அவிழ்த்துக் கொண்டுவந்தாள். "இத்தோட உங்க தட்டுல கை வெக்க மாட்டேன்" என்றாள்.

கம்பெனிப் படம் வந்தது. பாட்டு வந்தது. நின்றுவிட்ட அந்த இடமும் வந்தது. திரை இரண்டாகப் பிரிந்தது.

முதல் சுற்றில் ஜாய்ஸ்டிக்கின் ஒரு பட்டன் சிக்கிக்கொண்டு அவள் கார் வலது பக்கமே இழுத்தது. இரண்டாவது சுற்றில், ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "ஸ்கூட்டர்ல மார்க்கெட்டுக்குப் போனேன் நைனா. அதனால இருக்குமா?"

எனக்கு என்ன தெரியும்? "டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்றேன்.

"அதனால இல்லன்னாங்க. சில நேரம் தானா அப்படி ஆவும், யார் பண்ணதும் இல்லன்னாங்க."

"நீ இன்னா நெனைக்கற?"

அதைத்தான் அவளிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் குழந்தை அழுததைச் சொன்னாள். மருமகன் வெளியே நின்று அழுததைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அதனால்தான் போனை எடுக்க முடியவில்லையாம், அவன் குரலைக் கேட்டால் அது ஞாபகம் வருகிறதாம். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றில், "பேரு கூட யோசிச்சி வெச்சிருந்தேன் நைனா" என்றாள்.

"இன்னா பேரு?"

சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். அவளும் மருமகனும், அடுப்பங்கரையிலிருந்து கேட்ட அவள் அம்மாவும், நானும் மட்டும் தெரிந்து வைத்திருக்கிற பேர் அது.

திரையில் எனக்கு எதுவும் தெரியவில்லை. கீழ்ப் பாதியில் அவள் காரும் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு வண்டியும் உறுமிக்கொண்டு மட்டும் இருந்தன. அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நைனா, முட்டிக்கினு நிக்கற" என்றாள். "பின்னால எடுத்து ஓட்டு."

எடுத்தேன்.